லண்டனுக்குப் புதுசா வந்திருக்கீங்களா? மே மாசம் லிட்டில் வெனிஸ் படகுத் திருவிழாவுக்கு கண்டிப்பா போங்க

பேங்க் அக்கவுன்ட், ஜிபி ரெஜிஸ்ட்ரேஷன், வாடகை வீடு எல்லாம் ஒரு வழியா முடிஞ்சதும் நிறைய பேர் கேக்கறது ஒண்ணுதான், இந்த ஊர்க்காரங்களோட எப்படிங்க பழகறது, ஆபீஸ்ல ஹாய் சொல்றதோட முடிஞ்சுடுதே. நான் எல்லாருக்கும் சொல்றது, மே மாச முதல் பேங்க் ஹாலிடே வீக்கெண்ட்ல பேடிங்டன் பக்கத்துல கால்வாய்ங்க சேர்ற லிட்டில் வெனிஸ்ல நடக்கற கனால்வே கேவல்கேட்ங்கற படகுத் திருவிழாவுக்கு குடும்பத்தோட போங்க. 1983ல ஆரம்பிச்சது, இன்லேண்ட் வாட்டர்வேஸ் அசோசியேஷன் நடத்தறாங்க, டிக்கெட் எல்லாம் கிடையாது. வழக்கமா சனி, ஞாயிறு, திங்கள் மூணு நாள், அந்த வருஷ அறிவிப்பை மட்டும் முன்னாடியே பாத்துக்கோங்க.

வெம்ப்ளி பக்கம் இருக்கறவங்களுக்கு ரொம்ப சுலபம், வெம்ப்ளி சென்ட்ரல்ல பேக்கர்லூ லைன் ஏறினா நேரா வார்விக் அவென்யூ, அங்கருந்து பொடிநடை. ஆல்பர்டன்ல குடியிருக்கீங்கன்னா உங்க வீட்டுப் பக்கத்துல ஓடுதே அந்தக் கால்வாய், அதே தண்ணிதான் லிட்டில் வெனிஸ் வரைக்கும் போகுது, 1801ல திறந்த பேடிங்டன் ஆர்ம்ங்கற கிளைக் கால்வாய். நடுவுல ஒரு லாக் கூட (தண்ணி மட்டத்தை ஏத்தி இறக்கி படகை விடற கதவு வச்ச தொட்டி) கிடையாது, நார்த் சர்குலர் ரோடுக்கு மேல பாலத்துல கால்வாயே தாண்டிப் போகும், கீழ கார், மேல படகு, பசங்களுக்கு அவசியம் காட்டுங்க.

அங்க போனா நூத்துக்கும் மேல படகு கொடியெல்லாம் கட்டிக்கிட்டு வரிசையா நிக்கும். படகோட அகலம் ஏழு அடிதான், நீளம் எழுபது அடி வரைக்கும் போகும், நிறைய கால்வாய்ல லாக்கை அந்த அளவுல கட்டினதால படகும் அப்படி. சரக்கு ஏத்தின பழைய படகு வந்திருந்தா அதைத்தான் முதல்ல போய் பாருங்க. பின்னாடி இருக்கற கேபின் சுமார் பத்து அடி நீளம், அதுக்குள்ளதான் அப்பா அம்மா பிள்ளைங்க எல்லாரும் வாழ்ந்தாங்க. உள்ள எட்டிப் பாத்தா கதவுப் பக்கத்துல கரி அடுப்பு, அலமாரிக் கதவை கீழ இறக்கினா அதுவே சாப்பாட்டு மேஜை, ராத்திரி குறுக்க பலகை போட்டா கட்டில், சுவரெல்லாம் ரோஜாவும் கோட்டையும் வரைஞ்சிருப்பாங்க, தண்ணி கேன்ல கூட அதே பூ. மோட்டார் படகு முன்னாடி போக, இன்ஜின் இல்லாத இன்னொரு படகை இழுத்துக்கிட்டுப் போவாங்க, அதுக்கு பேரு பட்டி. ரயிலும் லாரியும் சரக்கை வாங்கிக்கிச்சு, 1962-63 குளிர்ல கால்வாய் மாசக்கணக்கா உறைஞ்சு போனதோட அந்தப் பொழப்பு பெரும்பாலும் முடிஞ்சே போச்சு. நம்ம பக்கிங்ஹாம் கால்வாய்லயும் ஒரு காலத்துல உப்பும் விறகும் ஏத்தின படகு ஓடுச்சே, அதை நினைச்சுக்கிட்டே இதைப் பாத்தா எனக்கு மனசு கனத்துடும், இவங்க எவ்வளவு போராடிக் காப்பாத்தியிருக்காங்கன்னு. இந்த விழாவை நடத்தற சங்கத்தை 1946லயே ஆரம்பிச்சுட்டாங்க, மூடப் போற கால்வாய்ங்களை மீட்கணும்னு.

இப்ப மரியாதை விஷயம், இது முக்கியம். படகுங்கறது பலருக்கு வீடு, வருஷம் பூரா அதுலதான் இருக்காங்க, அதனால கேக்காம கால் வைக்காதீங்க, ஜன்னல் வழியா போட்டோ எடுக்காதீங்க. ஆனா "உங்க இன்ஜின் என்ன இன்ஜின்?"னு மட்டும் கேட்டுப் பாருங்க, ஒரு மணி நேரம் பேசுவாங்க, பாதிப் பேர் உள்ள கூப்பிட்டு டீயே கொடுப்பாங்க. பழைய பொலிண்டர் இன்ஜின் ஓடுச்சுன்னா டொப் டொப்னு விட்டு விட்டு அடிக்கும், கரையில நிக்கற நமக்கே நெஞ்சுல கேக்கும்.

படகு ஓட்டற போட்டி நடக்கும்போது பூல் ஓரமா, அதாவது கால்வாய்ங்க சேர்ற அந்தக் குளம் மாதிரி இடத்தோட ஓரமா, இடம் பிடிங்க. ரிவர்ஸ்ல இந்தப் படகு சுக்கான் பேச்சைக் கேக்கவே கேக்காது, அவ்வளவு நீளத்தை அந்தச் சின்ன இடத்துல திருப்பறதைப் பாக்கறப்போ நம்ம கையும் சேர்ந்து திரும்பும். ஞாயித்துக்கிழமை இருட்டினதும் விளக்கு போட்ட படகு ஊர்வலம் இருக்கும், பசங்களுக்கு அதுதான் பிடிக்கும், ஜாக்கெட் எடுத்துக்கோங்க, மே மாசம்னாலும் தண்ணி ஓரம் குளிரும். ஸ்டால்ல சாப்பாடு கிடைக்கும், இருந்தாலும் புளிசாதம் கட்டிட்டுப் போறது நல்லது.

நேரம் இருந்தா ரீஜன்ட்ஸ் கனால் ஓரமா ஜூ பக்கம் நடங்க. நடுவுல மைடா ஹில் டன்னல் வரும், உள்ள நடக்க வழி கிடையாது, மேல ரோட்டுல ஏறி இறங்கணும், அந்தக் காலத்துல கரையில நடந்து படகை கயித்தால இழுத்த குதிரையும் அப்படித்தான் மேல போச்சு, ஆளுங்க படகுல மல்லாந்து படுத்து சுவத்தை காலால உதைச்சே தள்ளிட்டுப் போனாங்க. அப்புறம் மேக்கிள்ஸ்ஃபீல்ட் பாலம், 1874ல வெடிமருந்து ஏத்தின படகு அதுக்குக் கீழ வெடிச்சு பாலமே சிதறிப் போச்சு. திரும்பக் கட்டினப்போ அதே இரும்புத் தூணை திருப்பி நட்டாங்க, அதனால குதிரைக் கயிறு அறுத்த பள்ளம் தூணுக்கு ரெண்டு பக்கமும் இருக்கும், விரல் வச்சுப் பாருங்க.

வேடிக்கை பாத்துட்டு மட்டும் வந்துடாதீங்க. எல்லாமே வாலன்டியர்ஸ் நடத்தறது, கூட்டத்துக்கு வழி காட்ட, குப்பை அள்ள, தூக்கி இறக்க எப்பவும் ஆள் வேணும், முன்னாடியே சங்கத்துக்கு எழுதிக் கேளுங்க, விசா கண்டிஷனையும் ஒரு தடவை படிச்சுக்கோங்க. வருஷம் பூரா செய்யணும்னா கால்வாய்ங்களைப் பராமரிக்கற கனால் அண்ட் ரிவர் டிரஸ்ட்ல லாக் கீப்பர் வாலன்டியர் வேலை இருக்கு, பயிற்சி அவங்களே கொடுப்பாங்க.