கேம் செய்யத் தொடங்குகிறவர்கள் முதல் வாரத்தில் செய்யும் தவறுகள்

மொரீசியஸின் காத்ர் போர்னில் நான் தமிழ் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகள் வீட்டில் கிரியோல் பேசுகிறவர்கள். அவர்களில் ஐந்தாறு பேர் சனிக்கிழமை மத்தியானம் என் வீட்டுக்கு வந்து கேம் செய்கிறார்கள். என் அக்கா மகனும் அதில் ஒருவன். நான்கு வருடமாக இது நடக்கிறது. முடிந்த கேம்களைவிடப் பாதியில் நின்றவை மூன்று மடங்கு இருக்கும். நின்றுபோன ஒவ்வொன்றிலும் சிக்கல் ஆறாவது மாதத்தில்தான் தலை நீட்டியது. வேர் மட்டும் முதல் வாரத்திலேயே இறங்கியிருந்தது. அன்றைக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்து சோதித்திருந்தால் அந்தப் பிள்ளையின் ஆறு மாத உழைப்பு மிஞ்சியிருக்கும். அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

புதிதாக வருகிற எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: "சார், எந்த எஞ்சின் நல்லது?" எஞ்சின் என்பது கேமைக் கட்டி ஓடவைக்கும் மென்பொருள். நீ செய்யப்போவது என்ன கேம் என்று திருப்பிக் கேட்டால் பதில் வராது. எஞ்சின்களை ஒப்பிடும் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்தே ஒரு மாதம் போயிருக்கும். கேம் என்னவென்று தெரியாமல் எஞ்சினைத் தேர்ந்தெடுப்பதுதான் முதல் தவறு. கதையும் உரையாடலும்தான் முக்கியம் என்றால் ரென்பை போதும். கட்டம் கட்டமான ஊர்களில் நடந்து, ஆட்களோடு பேசி, முறை வைத்துச் சண்டை போடும் கேம் என்றால் ஆர்பிஜி மேக்கரில் பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறது. ஓடித் தாவும் 2டி கேமுக்குக் கோடாட் அல்லது கேம்மேக்கர். பத்து வயதுப் பிள்ளைக்கு ஸ்கிராட்ச். கருவி எளிது என்றால் கேமும் மட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். அது உண்மையில்லை. 2015இல் டோபி ஃபாக்ஸ் வெளியிட்டு உலகம் முழுக்கக் கொண்டாடப்பட்ட அண்டர்டேல் கேம்மேக்கரில் செய்ததுதான்.

தமிழில் கேம் செய்கிறவர்களுக்கு இன்னொரு சோதனை இருக்கிறது. எந்த ஒப்பீட்டு வீடியோவும் அதைச் சொல்வதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

புது எஞ்சினைத் திறந்ததும் முதல் வேலையாக 'மொரீசியஸ்' என்று திரையில் எழுதிப் பாருங்கள். படமும் வேண்டாம், இசையும் வேண்டாம், அந்த ஒரு சொல் போதும். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யூனிகோடில் 'மொ' என்பது இரண்டு குறிகள்: முதலில் மகரம், பிறகு 'ொ' என்ற உயிர்க்குறி. அந்த உயிர்க்குறியின் ஒற்றைக்கொம்பு மகரத்துக்கு இடப்பக்கம் போக வேண்டும், கால் வலப்பக்கம் நிற்க வேண்டும். இப்படி இடம் மாற்றிக் கோக்கும் வேலையை எஞ்சினுக்குள் ஒரு தனிப் பகுதி செய்தாக வேண்டும். அது இல்லாத எஞ்சினில் மகரம் முதலில் நிற்கும், கொம்பும் காலும் சேர்ந்தே அதன் பின்னால் போய்விடும். எழுத்துருவில் எந்தக் குறையும் இருக்காது, ஆனால் எத்தனை எழுத்துரு மாற்றினாலும் சரியாகாது. கோடாட்டின் மூன்றாம் பதிப்பில் இந்தக் கோக்கும் பகுதி கிடையாது. 2023 மார்ச்சில் வந்த நான்காம் பதிப்பில்தான் சேர்ந்தது. யூனிட்டி என்ற எஞ்சினில் எழுத்தைக் காட்டப் பெரும்பாலானோர் பயன்படுத்தும் டெக்ஸ்ட்மெஷ்புரோ இந்திய எழுத்துகளைச் சரியாகக் கோப்பதில்லை. பிரவுசரில் ஓடும் கேம் என்றால் கவலை குறைவு, கோக்கும் வேலையைப் பிரவுசரே பார்த்துக்கொள்கிறது.

சொல் சரியாகத் தெரிந்ததும் நிறுத்திவிடக் கூடாது. உரையாடல் எழுத்து எழுத்தாகத் தட்டச்சாவதுபோல் வருகிறதே, அதிலும் அதே சொல்லை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். ஆர்பிஜி மேக்கரின் எம்வி பதிப்பு பிரவுசர் நுட்பத்தில் ஓடுகிற கருவிதான். ஆனால் உரையாடல் பெட்டியில் ஒவ்வொரு குறியையும் தனித்தனியாக வரைகிறது. மகரத்தை வரைந்து முடித்த பிறகு உயிர்க்குறியை அதன் பக்கத்தில் தனியாக வைக்கும். ஒரே கருவி, தலைப்பில் தமிழ் அழகாக இருக்கும், பேச்சில் உடைந்துவிடும். கோடாட் நான்கில் எழுத்தைக் கோப்பதற்கு முன் வெட்டுவதா, கோத்த பின் வெட்டுவதா என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். கோத்த பின் என்பதையே வையுங்கள்.

சொல் விளையாட்டு செய்கிறவர்கள் விழும் குழி இன்னொன்று. என் மாணவி ஒருத்தி தமிழ் எழுத்துகளை அடுக்கும் கேம் செய்தாள். 'தமிழ்' என்ற சொல்லுக்கு மூன்று கட்டம் வர வேண்டிய இடத்தில் ஐந்து கட்டம் வந்தது. த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என்று கணினி எண்ணியிருக்கிறது. "சார், புள்ளிக்குத் தனிக் கட்டமா?" என்று என்னைப் பார்த்தாள். சொல்லின் நீளத்தைக் கேட்டால் கணினி குறிகளின் எண்ணிக்கையைத்தான் சொல்லும். உயிர்மெய்யை ஒரே எழுத்தாக எண்ணும் வழியை நாம்தான் எழுத வேண்டும். குறி ஒன்று வந்தால் முந்தைய எழுத்தோடு அதை ஒட்டிவிடு என்ற சின்ன விதி போதும். அதை எழுத அவளுக்கு ஒரு மத்தியானம் ஆயிற்று. நூறு சொற்களுக்கான கட்டங்களை ஏற்கெனவே கையால் வரைந்திருந்தாள், எல்லாவற்றையும் திரும்ப வரைய இரண்டு வாரம் பிடித்தது.

கொம்பு இடம் மாறினால் என்ன, புரிகிறதே என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 1998இல் நம் மொரீசியஸ் ரூபாய்த் தாளில் தமிழும் இந்தியும் வரிசை மாறி அச்சாகி வந்தபோது இந்தத் தீவின் தமிழர்கள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அந்தத் தாள்களே திரும்பப் பெறப்பட்டன. எழுத்து நிற்கும் இடத்துக்கு நம் பெரியவர்கள் கொடுத்த மதிப்பு அது. பள்ளிக்கூடத்துக்கு வெளியே தமிழ் எழுத்தையே பார்க்காத பிள்ளை, முதன்முதலாக ஒரு கேமில் அதைப் பார்க்கிறது. பார்ப்பது சரியான வடிவமாக இருக்க வேண்டும்.

எஞ்சினின் உரிமத்தைப் படிக்காமல் இறங்குவது எல்லா மொழிக்காரர்களுக்கும் பொதுவான தவறு. 2023 செப்டம்பரில் யூனிட்டி ஒவ்வொரு நிறுவலுக்கும் கட்டணம் என்று அறிவித்ததும் பலர் பதறிப்போய் எஞ்சின் மாறினார்கள். இலவசப் பதிப்பில் அந்தக் கட்டணம் தொடங்க 2,00,000 டாலர் ஆண்டு வருமானமும் 2,00,000 நிறுவல்களும் தாண்டியிருக்க வேண்டும். வார இறுதியில் செய்கிறவரை அது தொட்டிருக்கவே தொட்டிருக்காது. அடுத்த வருடம் நிறுவனம் அதைக் கைவிட்டுவிட்டது. பாதி முடிந்த கேமை அந்தப் பதற்றத்தில் வேறு எஞ்சினுக்கு மாற்றியவர்களுக்குத்தான் இழப்பு. கோடாட் எம்ஐடி என்ற திறந்த உரிமத்தில் வருகிறது, கொடுத்ததை யாரும் திரும்ப வாங்க முடியாது. கேம்மேக்கர் விற்பனைக்கு அல்லாத கேம்களுக்கு இலவசம். பொழுதுபோக்காகச் செய்கிறவருக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

ஃபேன் கேம் விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளைகளின் ஆசை முதலில் போய் நிற்பது இங்கேதான். தனக்குப் பிடித்த கேமின் நாயகனை வைத்துப் புதிய பாகம் செய்ய வேண்டும் என்பார்கள், இல்லாவிட்டால் தமிழ்ப் பட நாயகன் ஒருவரின் முகத்தையும் பாட்டையும் வைத்துச் செய்ய வேண்டும் என்பார்கள். அந்த ஆசையை நான் அடக்குவதில்லை, ஆசை இல்லாமல் யாரும் நிரல் எழுதக் கற்பதில்லை. ஆனால் "காசு வாங்கவில்லை, சும்மாதானே கொடுக்கிறேன், யார் கேட்கப் போகிறார்கள்?" என்ற நம்பிக்கையை முதல் நாளே உடைத்துவிடுகிறேன். இலவசமாகக் கொடுத்தாலும் பதிப்புரிமை பதிப்புரிமைதான்.

மெட்ராய்டு 2 கேமை கேம்மேக்கரில் புதிதாக உருவாக்க மில்டன் குவாஸ்தி ஏறத்தாழ 10 வருடம் உழைத்தார். 2016 ஆகஸ்ட் 6, மெட்ராய்டின் 30ஆம் ஆண்டு நிறைவு நாளில் இலவசமாக வெளியிட்டார். மெட்ராய்டின் உரிமையாளரான நின்டெண்டோ நிறுவனத்தின் பதிப்புரிமை அறிவிப்பு உடனடியாக வந்தது, தரவிறக்க இணைப்புகள் போயின. அடுத்த வருடமே நின்டெண்டோ அதே கேமின் தன் சொந்த மறுஆக்கத்தை வெளியிட்டது. அதே ஆகஸ்டில் போக்கெமான் யுரேனியம் என்ற ஃபேன் கேமும் வந்தது. ஆர்பிஜி மேக்கரில் ஒன்பது வருட உழைப்பு. 15 லட்சம் தடவைக்கு மேல் இறக்கப்பட்ட பிறகு, வக்கீல் அறிவிப்புகள் வந்ததும் செய்தவர்களே இணைப்பை எடுத்துவிட்டார்கள். இரண்டும் நல்ல கேம்கள், செய்தவர்கள் திறமைசாலிகள். ஒன்பது, பத்து வருடம் என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லும்போது நான் நிறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அது அவர்களில் சிலரின் மொத்த வயது.

எல்லா நிறுவனமும் ஒரே மாதிரி இல்லை என்பதும் உண்மைதான். சானிக் கேம்களின் ரசிகராகத் தொடங்கிய கிறிஸ்டியன் வைட்ஹெட்டிடம் அவற்றின் உரிமையாளரான சேகா நிறுவனம் கேம் வேலையையே ஒப்படைத்தது, 2017இல் சானிக் மேனியா வந்தது. டோஹோ கேம்களை உருவாக்கியவர் ரசிகர் படைப்புகளுக்குச் சில நிபந்தனைகளோடு வாசலைத் திறந்தே வைத்திருக்கிறார். ஆகவே யாருடைய உலகத்தை எடுக்கிறோமோ அவருடைய வழிகாட்டுதலைத் தேடிப் படிக்காமல் ஒரு படம்கூட வரையக் கூடாது.

ஃப்ரீடம் பிளானட் போன வழி எனக்கு இன்னும் பிடித்தது. அது சானிக் ஃபேன் கேமாகத் தொடங்கியது. செய்தவர் நடுவில் சொந்தப் பாத்திரங்களையும் சொந்த உலகத்தையும் வைத்து மாற்றினார். 2014இல் அது அவருடைய சொந்தக் கேமாகவே விற்பனைக்கு வந்தது. வேகமாக ஓடுவது, தாவுவது போன்ற ஆட்ட முறைக்குப் பதிப்புரிமை இல்லை. பெயர், முகம், இசை, படம் ஆகியவற்றுக்குத்தான் உண்டு. அதனால் என் பிள்ளைகளிடம் சொல்வது இது: பிடித்த கேமின் முதல் கட்டத்தைச் சாம்பல் நிறப் பெட்டிகளை வைத்து அப்படியே செய்து பார். தாவும் உயரம், விழும் வேகம், பள்ளத்தின் அகலம் எல்லாவற்றையும் அளந்து கற்றுக்கொள். பிறகு அந்தப் பெட்டிகளுக்கு உன் முகத்தைக் கொடு.

என் அக்கா மகன் அப்படித்தான் வந்தான். முதலில் அவன் காகிதத்தில் வரைந்துகொண்டு வந்தது 12 ஊர், 80 ஆயுதம், மூன்று முடிவுகள். "மாமா, ஒரு வருடத்தில் முடித்துவிடுவேன்" என்றான். ஒரு ஊரை மட்டும் முடித்துக் காட்டு என்றேன். மூன்று மாதத்தில் ஒரு கடைக்காரரும் ஒரு பாலமும் வந்தன. அளவுக்கு மீறித் தொடங்குவது மற்ற எல்லாத் தவறுகளையும்விடச் சர்வசாதாரணம். முடித்துப் பழகாத கைக்கு முடிப்பது எப்படி என்றே தெரியாது என்பதுதான் அதில் வலிக்கிற இடம். தொடக்கத் திரை, ஒலி, தோற்றால் திரும்பத் தொடங்குவது, போனில் ஓடவைப்பது ஆகிய கடைசிப் பத்து வேலைகளை ஒரு தடவையாவது சின்னக் கேமில் செய்து பார்த்திருக்க வேண்டும்.

தைப்பூசக் காவடி முடிந்த வாரத்தில் அவனே ஒரு யோசனையோடு வந்தான். கோர் தெ கார்த் மலைச்சரிவில் இருக்கும் முருகன் கோவிலுக்குப் பால் செம்போடு ஏற வேண்டும். வெயிலில் அதிக நேரம் நின்றால் பால் திரிந்துவிடும், ஓடினால் சிந்திவிடும், நிழலில் நின்றால் நேரம் போகும். ஒரே திரை, இரண்டு பொத்தான். யாருடைய உலகத்தையும் கடன் வாங்கவில்லை, அவன் காலில் சுட்ட படிகள்தான்.

நடுவில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், புயல் காலம் உள்ள தீவில் இருப்பதால். 2024 ஜனவரி 15, பெலால் புயலின்போது போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்தன. கீழ்த்தளத்தில் மடிக்கணினி வைத்திருந்த என் மாணவன் ஒருவனின் எட்டு மாத வேலை அன்றோடு போயிற்று. வேலையின் ஒவ்வொரு பதிப்பையும் சேமித்து வைக்கும் கிட் என்ற கருவியைக் கற்றுக்கொள்ளுங்கள், தினமும் வேலையை வெளியே அனுப்பிவையுங்கள். பதினைந்து நிமிடத்தில் படியும் பழக்கம் அது.

செய்தவரே தன் கேமைச் சோதிப்பதும் பெரிய தவறு. எங்கே தாவ வேண்டும் என்று அவருடைய விரலுக்கு மனப்பாடம் ஆகியிருக்கும். அக்கா மகன் தன் பாட்டியிடம், என் அம்மாவிடம், போனைக் கொடுத்தான். ஒன்றும் விளக்காதே, பக்கத்தில் சும்மா உட்கார் என்று நான் முன்னாலேயே சொல்லியிருந்தேன். அம்மா சின்ன வயதில் கோவில் மாலைப் பள்ளியில் எழுத்துக் கற்றவர். திரையைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, பொத்தானில் இருந்ததை விரல் வைத்து வாசித்தார்: "தொ... ட... ங்... கு." அழுத்தினார். மூன்றாவது படியிலேயே பால் திரிந்தது. இரண்டாவது தடவையும் திரிந்தது. "ஏன்டா, விடியற்காலையில்தானே ஏறுவோம்? உன் சூரியன் இவ்வளவு சீக்கிரம் உச்சிக்கு வந்துவிட்டதே" என்றார். அவன் மடிக்கணினியை இழுத்து 40 விநாடி என்றிருந்ததை 60 ஆக்கினான், வானத்தின் நிறத்தையும் மாற்றினான், போனைத் திரும்ப அம்மாவிடமே கொடுத்தான்.