தாதரில் 8 முதல் பாருங்கள்

ஊரிலிருந்து மும்பை வரும் சித்தப்பாவுக்குப் பழைய பிளாட்பார நம்பரைச் சொல்லி அனுப்பாதீர்கள். தாதர் ஸ்டேஷனில் முன்பு மேற்கு ரயில்வேக்கு ஒரு 1, மத்திய ரயில்வேக்கு ஒரு 1. ஆள் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம் என்று ஆகிவிடும்! 2023 டிசம்பரில்தான் அதைச் சரிசெய்தார்கள். இப்போது 1 முதல் 7 வரை மேற்கு, அதாவது சர்ச்கேட், விரார் பக்கம். 8 முதல் 14 வரை மத்திய ரயில்வே.

மாட்டுங்காவுக்கு இட்லி சாப்பிடப் போகிறீர்களா? 8 முதல் பாருங்கள், கல்யாண் பக்கம் போகும் ஸ்லோ வண்டியில் ஏறுங்கள். பாஸ்ட் வண்டி அங்கே நிற்காது. மாட்டுங்கா ரோடு வேறு ஸ்டேஷன், மேற்குத் தடத்தில் இருக்கிறது. அப்புறம், காலையில் நடைமேம்பாலத்தில் பூக்கூடைக்காரர்கள் தலைச்சுமையோடு விரைந்து வருவார்கள்; ஓரமாக நடங்கள்.