கிளாசிக்கல் கிட்டார் தொடங்குகிறீர்களா? முதலில் வலது கையைப் பழக்குங்கள்

கிளாசிக்கல் கிட்டார் கற்றுக்கொள்ள உட்காரும் எல்லோருமே இடது கையைத்தான் பார்க்கிறார்கள். எந்த ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை), எந்த விரல், எந்த கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சில ஸ்வரங்கள்) என்று கண் முழுக்க அங்கேயே நிற்கிறது. ஆனால் நாதம் பிறப்பது வலது கையில். அது கனமாக, உருண்டு வருமா, இல்லை மெலிந்து கீச்சிடுமா என்பதை முடிவு செய்வது கம்பியைத் தொடும் அந்த விரல் நுனிதான். அதனால் முதல் ஒரு மாதத்துக்காவது பயிற்சி நேரத்தில் பாதியை, இடது கையைச் சும்மா விட்டுவிட்டு, எந்த ஃப்ரெட்டையும் அழுத்தாமல் ஓப்பன் ஸ்ட்ரிங்கில் வலது கையை மட்டும் பழக்குவதற்கு ஒதுக்குங்கள். கேட்கும்போது சலிப்பான வேலையாகத் தோன்றும். காது கொடுத்துச் செய்தால் சலிக்காது, ஒரே கம்பியில் இத்தனை விதமான சத்தம் இருக்கிறதா என்று நீங்களே ஆச்சரியப்படுவீர்கள்.

கருவி விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். நைலான் கம்பி போட்ட கிட்டார்தான் வேண்டும். ஸ்டீல் கம்பி கிட்டாரில் இந்த முறையைப் பழகினால் விரலும் நோகும், நகமும் தேயும். கிளாசிக்கல் கிட்டாரின் கழுத்து நட் (கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் அமரும் சிறு பட்டை) அருகே சுமார் 52 மி.மீ. அகலம் இருக்கும், ஸ்டீல் கம்பி கிட்டாரில் பெரும்பாலும் 43 மி.மீ. பக்கம்தான். கம்பிகளுக்கு நடுவே விரல் நுழைந்து வேலை செய்ய அந்த அகலம் தேவை. கம்பியின் நீளம் வழக்கமாக 650 மி.மீ., சின்னப் பிள்ளைகளுக்கும் கை மிகவும் சிறியவர்களுக்கும் முக்கால் அளவு கிட்டார் கிடைக்கிறது. ஒன்றை மட்டும் செய்யவே செய்யாதீர்கள்: சத்தம் கூடுதலாக வரும் என்று யாராவது சொன்னார்கள் என்பதற்காக இதில் ஸ்டீல் கம்பி மாட்டாதீர்கள், அதன் இழுவிசை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, பிரிட்ஜ் (உடல் பலகையில் கம்பிகளைக் கட்டும் கட்டை) பெயர்ந்து கையில் வந்துவிடும். 1940களில் ஆல்பர்ட் அகஸ்டின் என்ற கிட்டார் தயாரிப்பாளர் நைலான் கம்பியைக் கொண்டுவரும்வரை விலங்குக் குடலில் செய்த கம்பியைத்தான் வாசித்தார்கள். நைலான் அதைவிட உறுதி, ஆனால் புதிதாக மாட்டியதும் சில நாட்களுக்கு நீண்டுகொண்டே இருக்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சுருதி இறங்குகிறதே, கிட்டாரில் ஏதோ கோளாறு என்று பயப்பட வேண்டாம்.

அடுத்து உட்காருவது. நம் ஊரில் இசை என்றாலே தரையில் சம்மணம் போட்டு உட்காரத் தோன்றும், ஆனால் இந்தக் கருவிக்கு அது ஒத்துவராது. கைப்பிடி இல்லாத நாற்காலியின் முன் விளிம்பில் உட்காருங்கள், இடது காலை 12 முதல் 15 செ.மீ. உயரமுள்ள ஃபுட்ஸ்டூலில் வையுங்கள் (ஒரு சின்ன மரப் பலகையோ தடித்த புத்தகங்களோ கூடப் போதும்), கிட்டாரின் இடுப்பு வளைவை இடது தொடையில் அமர்த்துங்கள். இடது தொடை, வலது தொடையின் உட்புறம், மார்பு, வலது முன்கை ஆகிய நான்கு இடங்களில் கிட்டார் உடம்பைத் தொடும். தலைப்பகுதி ஏறத்தாழ உங்கள் கண் மட்டத்துக்கு வரட்டும். சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு, இடது கையை முழுதாக எடுத்துவிடுங்கள், கிட்டார் அசையாமல் நின்றால் சரி. கழுத்து கீழே சாய்ந்தால், இத்தனை நேரம் உங்கள் இடது கை வாசிப்பதோடு கிட்டாரைத் தாங்கும் வேலையையும் சேர்த்துச் செய்துகொண்டிருந்தது என்று அர்த்தம். கம்பிகளைப் பார்ப்பதற்காகக் கிட்டாரின் முகத்தை மேலே திருப்பும் பழக்கத்தையும் ஆரம்பத்திலேயே விட்டுவிடுங்கள், அப்படித் திருப்பினால் இடது மணிக்கட்டு தேவையில்லாமல் மடங்கும். ஃபுட்ஸ்டூலில் முதுகு வலிப்பவர்கள் கிட்டாரின் பக்கவாட்டில் ஒட்டும் சப்போர்ட் வாங்கிக்கொண்டு இரண்டு காலையும் தரையில் வைத்தே வாசிக்கலாம்.

இப்போது வலது கை. முன்கையை, முழங்கைக்குச் சற்று முன்னால் உள்ள இடத்தை, கிட்டாரின் மேல் விளிம்பில் வைத்து, கையைத் தளர விடுங்கள். மணிக்கட்டு ஏறத்தாழ நேராக இருக்கட்டும், பலகையில் படிந்து கிடக்கவும் வேண்டாம், கூனிக்கொண்டு நிற்கவும் வேண்டாம். விரல்களுக்கு ஸ்பானிஷ் பெயர்களின் முதலெழுத்தை வைத்திருக்கிறார்கள்: கட்டைவிரல் பி, ஆள்காட்டி விரல் ஐ, நடுவிரல் எம், மோதிர விரல் ஏ. இசைக் குறிப்பில் இந்த எழுத்துகள்தான் வரும், சுண்டுவிரலுக்குப் பெரும்பாலும் வேலை இல்லை. ஆரம்பத்தில் தடித்த 4, 5, 6ஆம் கம்பிகள் கட்டைவிரலுக்கு, 3ஆம் கம்பி ஐ, 2ஆம் கம்பி எம், 1ஆம் கம்பி ஏ என்று வீடு பிரித்துக் கொடுத்துவிடுங்கள். கட்டைவிரல் மற்ற விரல்களைவிடக் கழுத்துப் பக்கமாக முன்னால் நீண்டு நிற்க வேண்டும். அது விரல்களுக்குப் பின்னால், உள்ளங்கைக்குள் ஒளிந்துகொண்டால் இரண்டும் முட்டிக்கொள்ளும்.

கம்பியை மீட்டும் அசைவு விரலின் அடிமூட்டிலிருந்து, அதாவது விரல் உள்ளங்கையோடு சேரும் இடத்திலிருந்து வர வேண்டும். நுனியை மட்டும் மடக்கிக் கம்பியைக் கொக்கி போட்டு வெளியே இழுப்பதுதான் புதியவர்களிடம் அதிகம் பார்க்கிற பழக்கம். அப்படி இழுத்தால் கம்பி ஃப்ரெட்டில் அடித்து 'டப்' என்று ஒரு வெறும் சத்தம் வரும். முதலில் விரல் நுனியைக் கம்பியில் வையுங்கள், லேசாகக் கிட்டாரின் உட்புறமாக அழுத்துங்கள், பிறகு உள்ளங்கையை நோக்கி விடுங்கள். வை, அழுத்து, விடு. இதை மிக மெதுவாக, ஒவ்வொரு படியையும் தனியாக உணரும்படி செய்யுங்கள். விட்டவுடன் விரல் உடனே தளர வேண்டும், அந்தத் தளர்வு வந்தால்தான் பின்னால் வேகம் வரும்.

இதில் இரண்டு வகை உண்டு. மீட்டிய விரல் பக்கத்துக் கம்பியில் போய்ச் சாய்ந்து நின்றால் அது ரெஸ்ட் ஸ்ட்ரோக், ஸ்பானிஷில் அபொயாண்டோ. பக்கத்துக் கம்பியைத் தொடாமல் காற்றில் உள்ளங்கைப் பக்கம் போனால் ஃப்ரீ ஸ்ட்ரோக், திராண்டோ. எதை முதலில் கற்பது என்பதில் ஆசிரியர்களுக்குள் ஒற்றுமை இல்லை. என்னைக் கேட்டால் ரெஸ்ட் ஸ்ட்ரோக் என்பேன், ஏனென்றால் விரல் போய் நிற்க ஓர் இடம் இருப்பதால் கை பதற்றமில்லாமல் இருக்கிறது, நல்ல கனமான நாதம் எப்படி இருக்கும் என்று காதுக்கும் தெரிந்துவிடுகிறது. அப்புறம் ஃப்ரீ ஸ்ட்ரோக்கில் அதே நாதத்தை வரவழைக்கப் பாடுபட வேண்டியதுதான், நீங்கள் வாசிக்கப்போவதில் பெரும்பகுதி அதுவாகத்தான் இருக்கும்.

முதல் பயிற்சி: 3ஆம் கம்பியில் ஐ, எம், ஐ, எம் என்று மாற்றி மாற்றி. மெட்ரோனோமை (சீராகத் தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 அடியில் வையுங்கள், ஒரு அடிக்கு ஒரு ஸ்வரம். ஒரே விரலை அடுத்தடுத்து இரண்டு முறை பயன்படுத்தக் கூடாது, இந்த ஒழுங்கு கடைசிவரை வரும். கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள், எது ஐ, எது எம் என்று பிரித்துச் சொல்ல முடிகிறதா? முடிந்தால் இன்னும் சமம் ஆகவில்லை. அது கைகூடிய பிறகு எம்-ஏ ஜோடிக்குப் போங்கள், அந்த இரண்டு விரல்களும் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும் சுபாவம் உள்ளவை, பொறுமை வேண்டும். மீட்டும் இடத்தையும் மாற்றிப் பாருங்கள், பிரிட்ஜ் பக்கம் போகப் போகச் சத்தம் கூர்மையாகும், கழுத்துப் பக்கம் வர வர மென்மையாகும். வழக்கமாகக் கை இருக்க வேண்டியது சவுண்ட் ஹோலுக்கு (பலகையில் உள்ள வட்டத் துளை) சற்றே பிரிட்ஜ் பக்கம்.

அடுத்தது ஆர்பெஜியோ, கார்டின் ஸ்வரங்களை ஒவ்வொன்றாக விரித்து வாசிப்பது. பி-ஐ-எம்-ஏ, பி-ஏ-எம்-ஐ, பி-ஐ-எம்-ஏ-எம்-ஐ என்று ஓப்பன் ஸ்ட்ரிங்கிலேயே தொடங்கலாம். இத்தாலிய கிட்டார் கலைஞர் மௌரோ ஜூலியானி 1812இல் வெளியிட்ட 120 வலது கைப் பயிற்சிகளை இருநூறு ஆண்டுகள் கழித்தும் எல்லோரும் வாசிப்பதற்குக் காரணம் இருக்கிறது: 120க்கும் இடது கையில் சி, ஜி7 என்று இரண்டே கார்டுகள். அவருடைய எண்ணமும் இடது கைக்கு யோசிக்க எதுவும் கொடுக்காமல் கவனம் முழுவதையும் வலது பக்கம் திருப்புவதுதான் என்று அதை வாசிக்கும்போதே புரியும். முதல் 10 பயிற்சிகள் ஒரு புதியவருக்குப் பல வாரங்களுக்குப் போதும்.

நகம் வளர்க்க வேண்டுமா என்று எல்லோரும் கேட்பார்கள். பழைய ஸ்பானிஷ் கிட்டார் மேதை ஃபெர்னாண்டோ சோர் நகமில்லாமல் வெறும் விரல் சதையில் வாசித்தார், அவருடைய நண்பர் தியோனிசியோ அகுவாடோ நகத்தோடு வாசித்தார், இருவரும் சேர்ந்தும் வாசித்திருக்கிறார்கள். ஆகவே நகமில்லாமல் இந்த இசையே இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனாலும் இன்று மேடையில் கேட்கும் நாதம் பெரும்பாலும் நகமும் சதையும் சேர்ந்தது. முதல் சில மாதம் சதையிலேயே வாசியுங்கள், கை நிலை பழகிய பிறகு வலது கையில் மட்டும் நகம் வளர்க்கலாம், உள்ளங்கைப் பக்கமிருந்து பார்த்தால் சதைக்கு மேலே ஒன்று, ஒன்றரை மி.மீ. தெரிந்தால் போதும். விரல் நுனியின் வளைவை ஒட்டி ராவி, கடைசியாக 1000க்கு மேல் எண் உள்ள நைஸான உப்புத்தாளில் விளிம்பைத் தேய்த்து வழுவழுப்பாக்குங்கள். சொரசொரப்பு கொஞ்சம் இருந்தாலும் கம்பியில் அது கேட்கும். இடது கை நகங்கள் மட்டும் எப்போதும் ஒட்ட வெட்டியே இருக்க வேண்டும்.

இடது கைக்கு வருவோம். கட்டைவிரல் கழுத்தின் பின்புறம், நடுவிரலுக்கு ஏறத்தாழ நேராக இருக்கட்டும், மேலே எட்டிப் பார்க்க வேண்டாம். விரல் நுனியால், ஃப்ரெட் பட்டைக்கு மிக அருகில், அதன் மேல் ஏறாமல் அழுத்துங்கள். எவ்வளவு அழுத்துவது? விரலைக் கம்பியின் மேல் சும்மா வைத்து வலது கையால் மீட்டுங்கள், மந்தமான தட்டல் மட்டும் கேட்கும். கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே மீட்டுங்கள், ஸ்வரம் தெளிவாகும் அந்த நொடியில் நிறுத்துங்கள். அவ்வளவுதான் தேவை, பலரும் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு அழுத்திக் கையை வீணாக்குகிறார்கள்.

ஆள்காட்டி விரல் முதல் சுண்டுவிரல் வரை நான்கையும் அடுத்தடுத்த ஃப்ரெட்டில் வைக்கும் 1-2-3-4 பயிற்சியை முதல் ஃப்ரெட்டில் தொடங்காதீர்கள். அங்கே ஒரு ஃப்ரெட் இடைவெளியின் அகலம் 36 மி.மீ. இருக்கும், ஐந்தாவது ஃப்ரெட்டில் அது 29 மி.மீ.தான். ஐந்தில் தொடங்கி, கை இளகிய பிறகு மெல்ல முதல் ஃப்ரெட்டை நோக்கி இறங்குங்கள். வேலை இல்லாத விரல்கள், முக்கியமாகச் சுண்டுவிரல், கம்பியை விட்டு எம்பிப் பறக்காமல் பக்கத்திலேயே காத்திருக்கட்டும். விரல் நுனி சில வாரம் வலிக்கும், அது இயல்பு. மணிக்கட்டிலோ முன்கையிலோ வலி வந்தால் அது வேறு விஷயம், அன்றைக்கு நிறுத்திவிடுங்கள், மறுநாள் உட்காரும் விதத்தைத் திரும்பப் பாருங்கள்.

தினமும் 20 நிமிடம் போதும், ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக மூன்று மணி நேரம் உட்காருவதைவிட அது மேல். உட்கார்ந்ததும் சுருதி சேருங்கள், தடித்த கம்பியிலிருந்து இ, ஏ, டி, ஜி, பி, இ (இவை ஸ்வரங்களின் பெயர், விரல்களின் எழுத்து அல்ல). செல்போனில் ட்யூனர் இருக்கிறது, ஆனால் காதாலும் சேர்த்துப் பழகுங்கள்: ஒவ்வொரு கம்பியின் 5ஆம் ஃப்ரெட்டும் அடுத்த கம்பியின் ஓப்பன் ஸ்வரம், 3ஆம் கம்பியில் மட்டும் 4ஆம் ஃப்ரெட். வாரம் ஒருமுறை செல்போனில் பதிவு செய்து கேளுங்கள், வாசிக்கும்போது காதில் விழாத தடுமாற்றம் எல்லாம் அதில் விழும்.

முதல் உருப்படிகளுக்கு சோர், கார்காசி, கருல்லி ஆகிய பழைய கிட்டார் இசையமைப்பாளர்கள் மூவருமே மாணவர்களுக்கென்று எளிய பாடங்கள் எழுதியிருக்கிறார்கள். சோரின் ஓபஸ் 60 என்ற தொகுப்பின் ஆரம்பப் பாடங்களில் ஒரு நேரத்தில் ஒரே ஸ்வரம்தான், ஐ-எம் பழகியவர் நேரடியாக அதில் இறங்கலாம். யார் எழுதியதென்று உறுதியாகத் தெரியாத அந்த ஸ்பானிஷ் 'ரொமான்ஸ்' மேல் எல்லோருக்கும் ஆசை இருக்கும், முதல் பாதி எளிதுதான், இரண்டாம் பாதியில் ஒரு விரலால் எல்லாக் கம்பிகளையும் அழுத்தியபடி சுண்டுவிரலை நீட்ட வேண்டிய இடங்கள் வருகின்றன, அதற்குக் கை தயாராக நாளாகும். எந்தக் கம்பியில் எந்த ஃப்ரெட் என்று எண்ணால் காட்டும் டேப் பார்த்து வாசிப்பது சுலபம், ஆனால் ஐந்து கோட்டில் எழுதும் ஸ்டாஃப் நொட்டேஷன் கற்றுக்கொண்டால்தான் எந்த ஸ்வரம் எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும், பேஸ் எங்கே தனியாக நடக்கிறது என்பது தாளிலேயே தெரியும். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிரேடு தேர்வுக்குப் போகும் எண்ணம் இருந்தால் நொட்டேஷன் கற்பதைத் தள்ளிப்போட வேண்டாம்.

ஆசிரியர் கிடைத்தால் முதல் சில மாதங்களுக்காவது நேரில் போங்கள். ஆன்லைன் வகுப்புதான் வழி என்றால் கேமராவை முகத்துக்கு நேராக வைக்காமல், கிட்டாரின் உயரத்தில், சற்று வலப்பக்கமாக, மணிக்கட்டும் விரல்களின் அடிமூட்டும் தெரியும்படி வையுங்கள். ஆசிரியர் பார்த்துத் திருத்த வேண்டியது அந்த இடத்தைத்தான்.