சொந்த வாகனம் இல்லாமல் வேலைக்குச் செல்வது எப்படி? நிலாவெளியிலிருந்து திருகோணமலை நகருக்கு

இந்த விளக்கம், இறக்கக்கண்டி, நிலாவெளி, கோபாலபுரம், சாம்பல்தீவு போன்ற இடங்களிலிருந்து திருகோணமலை நகருக்கு முதன்முறையாகப் பஸ்ஸில் வேலைக்குச் செல்லவிருப்பவர்களுக்காக எழுதப்படுகிறது. 2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டில், வரிசையில் ஒரு பகலும் இரவும் காத்திருந்தும் பெற்றோல் கிடைக்காமல் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீடு திரும்பிய பிறகே நான் பஸ்ஸுக்கு மாறினேன். தட்டுப்பாடு தீர்ந்த பின்னரும் பஸ்ஸிலேயே சென்று வருகிறேன். ஆனால் முதல் இரண்டு மாதங்கள் தேவையில்லாமல் சிரமப்பட்டேன். அந்தச் சிரமம் உங்களுக்கு வரக்கூடாது.

முதற்படி: ஒரு வாரம் குறித்துக்கொள்ளுங்கள்

வேலையில் சேர்வதற்கு முந்திய வாரம், காலை ஆறரை மணியிலிருந்து எட்டு மணி வரை உங்கள் தரிப்பிடத்தில் நின்று, வரும் பஸ்கள் அனைத்தையும் ஒரு சிறிய கொப்பியில் எழுதுங்கள். வந்த நேரம், புறப்பட்ட ஊர், இலங்கைப் போக்குவரத்துச் சபையின் (இ.போ.ச.) சிவப்பு பஸ்ஸா தனியார் பஸ்ஸா என்பது, ஏற இடம் இருந்ததா என்பது ஆகிய நான்கு விடயங்களும் ஒவ்வொரு வரியிலும் இருக்கவேண்டும். என்னுடைய பழைய கொப்பியில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது: "செவ்வாய். 6.52 புல்மோட்டை, தனியார், மிதிபலகை வரை சனம். 7.04 குச்சவெளி, இ.போ.ச., நிற்க இடம். 7.20 நிலாவெளி, தனியார், இருக்கை உண்டு. 7.35 வரவில்லை." இந்த நேரங்களை அப்படியே நம்பவேண்டாம், அவை அந்த ஆண்டுக்குரியவை. புல்மோட்டையிலிருந்து வரும் பஸ் நிரம்பி வரும், அருகிலிருந்து புறப்படும் பஸ்ஸில் இடம் இருக்கும் என்ற ஒழுங்கையே கவனிக்கவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமையிலோ பாடசாலை விடுமுறையிலோ எடுத்த குறிப்பு பயன்படாது. பாடசாலைகள் காலை 7.30 மணிக்குத் தொடங்குவதால், அதற்கு முந்திய பஸ்களில் மாணவர் கூட்டம் மிகுந்திருக்கும். விடுமுறை தொடங்கியதும் கூட்டம் குறைவதுடன், மாணவரை நம்பி ஓடிய சில பஸ்களும் நின்றுவிடும். ஆகவே தவணைக் காலத்துக்கு ஒன்றும் விடுமுறைக்கு ஒன்றுமாக இரண்டு குறிப்புகளை வைத்திருங்கள்.

இரண்டாம் படி: உங்கள் பஸ்ஸைத் தெரிவுசெய்யுங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான். அரச அலுவலகத்துக்குக் காலை 8.30 மணிக்குச் சென்று சேரவேண்டும் என்று கொள்வோம். உங்கள் குறிப்பின்படி எந்த பஸ்ஸில் ஏறினால் சரியாக 8.25க்கு அலுவலக வாசலில் நிற்கலாமோ, அந்த பஸ்ஸை உங்களுடையதாகக் கொள்ளாதீர்கள். அதற்கு முந்திய பஸ்ஸே உங்களுடையது, 8.25க்குக் கொண்டுசேர்ப்பது, முந்தியது வராத நாளுக்கென ஒதுக்கி வைக்கவேண்டியது.

நான் இதை அறியாமல் ஒரே பஸ்ஸை நம்பியிருந்தேன். ஒரு திங்கட்கிழமை அது வழியில் பழுதாகி நின்றுவிட்டது. அடுத்த பஸ் நிரம்பி வந்ததால் நிற்காமலே சென்றது. நான் அலுவலகத்தை அடைந்தபோது வரவுப் பதிவேட்டில் சிவப்புக் கோடு கீறப்பட்டிருந்தது. அந்தக் கோட்டின் கீழே கையெழுத்திட்ட அன்றுதான் கொப்பியை மீண்டும் எடுத்து, ஒரு பஸ் முன்னதாகப் புறப்படத் தொடங்கினேன். முன்னதாகச் சென்று சேரும் இருபது நிமிடம் வீணாவதில்லை. ஒரு தேநீர் குடித்து, வியர்வை உலர்ந்து, அமைதியாக மேசைக்குச் செல்லலாம்.

மூன்றாம் படி: ஏறுதலும் பயணச்சீட்டும்

பெயர்ப்பலகையை வாசித்து, பஸ் நின்ற பின் ஏறுங்கள். நடத்துனரிடம் இறங்கும் இடத்தை மட்டும் சொன்னால் போதாது. ஏறிய இடத்தையும் சேர்த்துச் சொன்னால் கட்டணத்தில் குழப்பம் வராது. காலையில் ஐயாயிரம் ரூபாய்த் தாளை நீட்டுவது எவருக்கும் உதவாது. முதல் நாள் இரவே சில்லறையை மேற்சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். சீட்டைக் கேட்டுப் பெற்று, இறங்கும் வரை வைத்திருங்கள், ஏனெனில் பரிசோதகர்கள் ஏறினால் சீட்டில்லாதவர் தண்டப்பணம் செலுத்தவேண்டியிருக்கும். நாள்தோறும் பயணம் செய்பவர்கள், பருவச்சீட்டு தங்களுக்குக் கிடைக்குமா என்று இ.போ.ச. சாலையில் (டிப்போவில்) ஒரு முறை விசாரிப்பது நல்லது.

முன்வரிசையில் மதகுருமாருக்கும் கர்ப்பிணித் தாய்மாருக்கும் ஒதுக்கப்பட்ட இருக்கைகளில் அமரவேண்டாம். வேறு இருக்கை கிடைத்தால் சாரதியின் பக்கமாக, அதாவது வலப்பக்கமாக அமருங்கள். காலையில் நாம் தெற்கு நோக்கிச் செல்கிறோம். கிழக்கே கடலின் மேல் எழும் வெயில் இடப்பக்க யன்னலால் விழுகிறது. மாலையில் வடக்கு நோக்கித் திரும்பும்போது மேற்கு வெயிலும் அதே இடப்பக்கத்தில்தான் விழுகிறது. கச்சான் என்னும் வெப்பக் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் இந்த ஒரு தெரிவே பயணத்தின் களைப்பைப் பாதியாகக் குறைத்துவிடும்.

நான்காம் படி: நகரில் இறங்குதல்

உப்புவெளியைக் கடந்ததும், உங்கள் வேலைத்தலத்துக்கு அருகிலுள்ள தரிப்பிடம் எது என்று நடத்துனரிடம் கேளுங்கள். எல்லோரும் பஸ் நிலையம் வரை செல்லவேண்டியதில்லை. உட்துறைமுக வீதியிலுள்ள மாவட்டச் செயலகத்துக்குச் செல்பவரும் சந்தைப் பகுதிக் கடையொன்றில் வேலை செய்பவரும் வெவ்வேறு இடங்களில் இறங்குவதே வசதி. முச்சக்கரவண்டியை மழை நாளுக்கென வைத்துக்கொண்டு மற்ற நாட்களில் நடந்தால், மாத முடிவில் கையில் மிஞ்சும் பணம் கணிசமாக இருக்கும்.

சீனன்குடாப் பக்கம் வேலை செய்பவர்கள் நகரில் இறங்கி வேறு பஸ்ஸில் ஏறவேண்டும். கிண்ணியா, மூதூர் பஸ்கள் சீனன்குடா வழியாகவே செல்கின்றன. கிண்ணியாப் பாலம் 2009ஆம் ஆண்டு திறக்கப்படும் வரை கிண்ணியாவுக்குச் செல்பவர்கள் துறையில் இறங்கி, நீரைக் கடக்கும் மிதவையான பாதைக்காகக் காத்திருந்தார்கள். இன்று ஒரே பஸ்ஸில் அக்கரை சேரலாம். இரண்டு பஸ்களில் செல்பவர்கள் இரண்டாம் படியில் சொன்ன கணக்கை இரண்டு பஸ்களுக்கும் தனித்தனியே போடவேண்டும்.

ஐந்தாம் படி: மாரி காலம்

ஐப்பசி முதல் தை வரை, கோப்புகளையும் தொலைபேசியையும் பொலித்தீன் பையில் இட்டு, அந்தப் பையைத் தோள்பையினுள் வையுங்கள். அலுவலக மேசை இலாச்சியில் ஒரு துவாயும் மாற்றுச் சட்டையும் இருக்கட்டும்.

ஆறாம் படி: வீடு திரும்புதல்

புதியவர்கள் காலைப் பயணத்தைத் திட்டமிட்டுவிட்டு மாலையை மறந்துவிடுகிறார்கள். 4.15க்கு அலுவலகம் முடிந்து உடனே புறப்படுபவருக்குப் பிரச்சினை இல்லை. அலுவலகக் கூட்டம் நீண்டு ஆறு மணியானால் பஸ்கள் குறைந்துவிடும். போயா நாட்களிலும், வெள்ளிக்கிழமை யும்ஆத் தொழுகை நேரத்திலும், நோன்பு மாதத்தில் நோன்பு திறக்கும் நேரத்திலும் இடைவெளி கூடும். அது நம்மோடு பயணம் செய்பவர்களும் நம்மை ஏற்றிச் செல்பவர்களும் வழிபாட்டில் இருக்கும் நேரம் என்பதால், அந்த இடைவெளியை முன்கூட்டியே கணக்கில் சேர்த்துக்கொள்வதே முறை.

உங்கள் பகுதிக்குச் செல்லும் கடைசி பஸ் எப்போது புறப்படுகிறது என்பதைப் பஸ் நிலையத்தின் நேரக்கணிப்பாளரிடம் கேட்டு, கொப்பியின் முதற்பக்கத்தில் எழுதுங்கள். இங்கும் கடைசி பஸ்ஸுக்கு முந்தியதே உங்களுடையது. அதையும் தவறவிடும் நாளில் அழைப்பதற்கு, உங்கள் ஊரைச் சேர்ந்த, நீங்கள் நம்பும் முச்சக்கரவண்டிச் சாரதி ஒருவரின் இலக்கத்தை அதன் கீழே எழுதி, நகரிலிருந்து வர எவ்வளவு கேட்பார் என்பதையும் பகலிலேயே பேசி வையுங்கள்.