பந்திவிசாரணை: சபையில் ஒருவரும் விடுபடாமல் விசாரிப்பது எப்படி

எருசலேம் சபையில் சீஷர்கள் பெருகிய நாட்களில், கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாட விசாரணையில், அதாவது தினந்தோறும் உணவு பகிர்வதில், விடுபட்டுப்போகிறார்கள் என்ற முறுமுறுப்பு எழுந்ததாக அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரம் சொல்லுகிறது. நம் வேதாகமத்தில் உள்ள ‘விசாரணை’ என்ற சொல் இன்று காவல் நிலையத்தையே நினைவுபடுத்தினாலும், அதன் பழைய பொருள் நம் வீடுகளில் இன்னும் உயிரோடிருக்கிறது. ஊரிலிருந்து வந்தவரிடம் நலம் கேட்பதும், பந்தியில் யாருடைய இலையில் என்ன குறைகிறது என்று பார்த்துப் பரிமாறுவதும் விசாரிப்புதான். அப்போஸ்தலர் அந்தக் குறையைத் தீர்க்க நியமித்த ஏழு பேரும், ஸ்தேவான் முதல் நிக்கொலா வரை, கிரேக்கப் பெயர் உடையவர்கள். விடுபட்டவர்களின் மொழியையும் மனத்தையும் அறிந்தவர்களிடமே பந்தி ஒப்படைக்கப்பட்டதாகத் தெரிகிறது. ஐக்கியத்தைப் பற்றி எத்தனை பிரசங்கம் செய்தாலும், கடைசி இலைக்குச் சோறு வந்து சேராத சபையில் ஐக்கியம் நிற்காது என்பதே என் எண்ணம். ஆகவே சபை நிர்வாகத்தைக் கவனிக்கும் சேகரக் கமிட்டியினருக்கும் பெண்கள் ஐக்கிய சங்கத்தாருக்கும் வாலிபர்களுக்கும் நான் சொல்ல விரும்பும் முறைகள் அந்தப் பந்தியிலிருந்தே தொடங்குகின்றன.

முதலில் சபையின் குடும்பப் பதிவேட்டை எடுத்து, தெருவாரியாக எட்டு அல்லது பத்து வீடுகளுக்கு இருவர் என்று பொறுப்புக் கொடுங்கள். ஒலிபெருக்கி முன் நன்றாக ஜெபிக்கிறவர்களையே இதற்கும் தேடாதீர்கள். பிறர் பேசுவதைக் குறுக்கிடாமல் கேட்கத் தெரிந்தவர்கள், கேட்டதை வெளியே சொல்லாதவர்கள் போதும். விதவையான ஒரு சகோதரியும், வெளியூரிலிருந்து பிழைக்க வந்த ஒருவரும், சொந்தபந்தம் அதிகம் இல்லாத ஒருவரும் அந்தக் குழுவில் கட்டாயம் இருக்க வேண்டும். நம் சபைகளில் விசாரிப்பு பெரும்பாலும் உறவுமுறை வழியாகவே ஓடுவதால், பெரிய குடும்பத்தில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் நாற்பது பேர் வந்து போகிறார்கள். பிள்ளைகள் சென்னையிலோ வளைகுடா நாட்டிலோ இருக்க, தனியே வாழும் முதியவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தாலும் செய்தி வருவதற்கு ஒரு வாரம் ஆகிவிடுகிறது. ஒருவர் தொடர்ந்து இரண்டு ஞாயிறு வராவிட்டால், மூன்றாம் ஞாயிறுக்குள் அவர் வீட்டுக்குச் செல்வது என்று ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள். அங்கே போய், “ஏன் கோவிலுக்கு வரவில்லை?” என்று கேட்கக் கூடாது, அந்தக் கேள்விக்குப் பிறகு வேறு எதுவும் அவர் காதில் விழாது. “உங்களைக் காணவில்லையே, உடம்புக்கு எப்படி இருக்கிறது?” என்பது போதும்.

நோயாளியைப் பார்க்கப் போவதை நாம் எளிதாக எண்ணிவிடுகிறோம். போவதற்கு முன் தொலைபேசியில் சொல்லிவிட்டு இருவராய்ச் செல்லுங்கள். பெண் நோயாளியிடம் போகிறபோது ஒரு சகோதரி உடன் இருக்கட்டும். கால் மணி நேரத்துக்கு மேல் தங்க வேண்டாம். ஒரு சிறிய சங்கீதமும், அதைவிடச் சிறிய ஜெபமும் போதுமானவை. இன்ன பாவத்தால்தான் இந்த வியாதி வந்தது என்றோ, விசுவாசம் குறைந்ததால்தான் சுகம் கிடைக்கவில்லை என்றோ படுக்கையருகே சொல்லுகிறவர் எத்தனை பெரிய ஊழியக்காரராக இருந்தாலும், அவரை மறுபடியும் அனுப்பாதீர்கள். யோபின் சிநேகிதர்கள் ஏழு நாள் இரவும் பகலும் அவரோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த நன்மை அவ்வளவுதான், வாய் திறந்த பிறகு அவர்கள் அவருக்குப் பாரமானார்கள். மருத்துவமனையில் நோயாளியைவிடத் துணைக்கு இருப்பவரே பல நேரம் கவனிக்கப்படாமல் இருக்கிறார் என்பதையும் மறக்க வேண்டாம். அவருக்கு ஒரு வேளைச் சாப்பாடு கொண்டுபோங்கள். ஒரு இரவு அவருக்குப் பதிலாக அங்கே தங்கி, அவரை வீட்டுக்குப் போய்த் தூங்கச் சொல்லுங்கள். என் தாயார் நோயுற்றிருந்த நாட்களில் இப்படித் தங்க வந்த ஒரு சகோதரியை நான் இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். வந்து ஜெபித்துவிட்டுப் போனவர்களின் முகங்கள் எல்லாம் எனக்கு நினைவில் இல்லை.

போய் வந்த வீட்டில் கேட்டதை ஜெப விண்ணப்பம் என்ற பெயரில் கூட்டத்தில் சொல்லுவது பெரிய துரோகம். மகனின் குடிப்பழக்கமும், மகளின் முறிந்த திருமணமும், மனநோய்க்கு உண்ணும் மாத்திரையும் அந்த வீட்டார் அனுமதி தந்தாலன்றி ஜெபக் குறிப்பில் வரக் கூடாது.

பண உதவிக்கு நம்மிடையே பழைய நல்வழி ஒன்று இருக்கிறது. சோறு பொங்க அரிசி எடுக்கும்போதெல்லாம் ஒரு பிடியைத் தனியே போட்டுவைத்து ஆலயத்துக்குக் கொண்டுவரும் பிடியரிசிக் காணிக்கை அது. வறியவரும் அதில் பங்கெடுக்க முடிந்ததால், கொடுக்கிறவர் ஒரு கூட்டம், வாங்குகிறவர் ஒரு கூட்டம் என்று சபை பிரியவில்லை. இன்று நீங்கள் தொடங்கும் உதவி நிதியும், தொகை எவ்வளவு சிறியதானாலும், எல்லாக் குடும்பங்களும் போடுகிற நிதியாக இருக்கட்டும். பவுல் எருசலேமின் ஏழைகளுக்காகச் சேர்த்த காணிக்கையைத் தனியே சுமந்துபோகாமல், சபைகள் தெரிந்துகொண்ட ஒரு சகோதரனையும் உடன் சேர்த்துக்கொண்டதற்கு, ஒருவரும் குறைசொல்ல இடமிருக்கக் கூடாது என்பதே காரணம் என்று கொரிந்தியருக்கு எழுதுகிறார். அதுபோல வரவும் செலவும் இருவர் கையெழுத்தோடு எழுதப்பட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை சபையில் வாசிக்கப்பட வேண்டும். ஆனால் உதவி பெற்றவர்களின் பெயர்கள் போதகருக்கும் இன்னும் இருவருக்கும் மட்டுமே தெரிந்திருக்க வேண்டும். கொடுக்கும்போது புகைப்படம் எடுக்கவே கூடாது. அந்த நிதியிலிருந்து கடனும் கொடுக்காதீர்கள். சிறு தொகையைத் திருப்பிக் கொடுக்க முடியாமல், கமிட்டியாரின் கண்ணில் படக் கூசி, ஆராதனைக்கே வராமல் போன குடும்பத்தை நான் அறிவேன். கலாத்தியர் 6ஆம் அதிகாரத்தில், ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கும்படி சொல்லுகிற பவுல், மூன்று வசனம் தள்ளி, அவனவன் தன்தன் பாரத்தைச் சுமப்பான் என்கிறார். தமிழில் ஒரே சொல்லாக நிற்கும் இவை கிரேக்கத்தில் இரண்டு சொற்கள். முன்னது நசுக்கும் சுமை, பின்னது வழிப்போக்கன் தன் தோளில் எடுத்துச் செல்லும் மூட்டை. அறுவை சிகிச்சைச் செலவு முன்னதைச் சேர்ந்தது என்பதிலும், வழக்கமான வீட்டுச் செலவு பின்னதைச் சேர்ந்தது என்பதிலும் ஐயமில்லை. இரண்டுக்கும் இடைப்பட்டவற்றைத்தான் குழு உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

துக்க வீட்டுக்கு முதல் வாரம் நம் சபைகள் குறைவைப்பதில்லை. மூன்றாம் மாதத்தையும், முதல் கிறிஸ்துமஸையும், அவர்களின் திருமண நாளையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துவைத்துப் போங்கள்.

சண்டைகளைத் தீர்ப்பது இவை எல்லாவற்றிலும் கடினமானது. சேகரக் கமிட்டித் தேர்தல் வருகிற ஆண்டுகளில் அண்ணன் தம்பிகூடப் பேசாமல் போவதை நாம் காண்கிறோம். பிலிப்பி சபையில் எயோதியாளும் சிந்திகேயாளும் மனம் வேறுபட்டிருந்தபோது, பவுல் இருவருக்கும் தனித்தனியே புத்திசொல்லிவிட்டு, அவர்களுக்கு உதவியாயிருக்கும்படி மூன்றாவது ஒருவரைக் கேட்டுக்கொள்கிறார். யார் பக்கம் நியாயம் என்று அவர் எழுதவில்லை. குற்றம் செய்தவனிடம் முதலில் தனியே போகும்படி மத்தேயு 18இல் ஆண்டவர் சொன்னதற்கு நேர்மாறாக, இன்று முதல் குற்றச்சாட்டே வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவாக வருகிறது. எந்தக் கட்சியிலும் சேராத ஒரு பெரியவரைக் கண்டுபிடித்து, திருவிருந்து ஞாயிறுக்கு முந்திய வாரத்தில் இரண்டு வீட்டுக்கும் அனுப்புங்கள். தென்னிந்தியத் திருச்சபை 1950இல் வெளியிட்ட நற்கருணை முறைமையிலேயே சமாதானம் பகிர்ந்துகொள்ளும் செயல் இடம்பெற்றது. அதை வெறும் கைகூப்பலாகக் கடந்துவிடாமல், பேசாதிருந்தவர்கள் ஒருவரையொருவர் நோக்கித் திரும்புவதற்கு அந்த ஒரு நிமிடம் போதும்.

சாதியைப் பற்றிச் சொல்லாமல் ஐக்கியத்தைப் பற்றி எழுதுவது பொய்யாகும். திருச்சபைக்குள் சாதி வேற்றுமை உடனே ஒழிய வேண்டும் என்று கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இல் கட்டளைக் கடிதம் அனுப்பினார்; அதை ஏற்க மறுத்துத் தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் ஆராதனையை விட்டே விலகினார்கள். அந்தக் கடிதத்துக்கு இன்னும் முழுப் பதில் கொடுக்காத சபைகள் உண்டு. உங்கள் சபையின் நிலையை அறிய, சபையார் எல்லாரும் கூடி உண்ணும் அசன நாளில் கவனியுங்கள்: சமைப்பவர் யார், பரிமாறுகிறவர் யார், முதல் பந்தியில் எப்போதும் உட்காருகிறவர்கள் யார், பாத்திரம் கழுவுகிறவர் யார் என்று பார்த்து, அடுத்த அசனத்தில் அந்த வேலைகளை மாற்றிக் கொடுங்கள். கல்லறைத் தோட்டத்தில் பிரிவினை இருக்குமானால், மற்றெல்லா ஏற்பாடுகளுக்கும் முன்பாக அதைக் கமிட்டியில் பேசுங்கள்.

வேறு சபைக்குப் போய்விட்ட குடும்பங்களையும் பதிவேட்டிலிருந்து அடித்துவிட வேண்டாம். 1919 மே மாதம் தரங்கம்பாடியில் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரான அசரியா உள்ளிட்ட 33 பேர் கூடி, பிரிந்திருந்த சபைகள் ஒன்றாக வேண்டும் என்று அறிக்கை வெளியிட்டார்கள். அது நிறைவேறி, சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவாக 1947 செப்டம்பர் 27 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அசரியா 1945 தொடக்கத்திலேயே காலமாகிவிட்டார். ஜனவரி 18 முதல் 25 வரை வரும் கிறிஸ்தவ ஒருமைப்பாட்டு ஜெப வாரத்தில், அருகிலுள்ள கத்தோலிக்க, பெந்தெகொஸ்தே சபையாரோடு ஒரு மாலையாவது கூடுங்கள். ஞானஸ்நான முறையைப் பற்றிய விவாதத்தைத் துக்க வீட்டிலும் மருத்துவமனையிலும் எடுக்காதீர்கள்.

தொடங்குவதற்கு வரும் ஞாயிறே போதும். ஆராதனை முடிந்ததும் குழுவினர் அரை மணி நேரம் ஆலயத்தில் உட்கார்ந்து, பதிவேட்டிலுள்ள பெயர்களை ஒவ்வொன்றாய் வாசியுங்கள். அந்தப் பெயருக்குரியவர் இப்போது எப்படி இருக்கிறார் என்று யாராவது சொல்லட்டும். எந்தப் பெயரை வாசித்தபோது ஒருவருக்கும் எதுவும் சொல்லத் தெரியவில்லையோ, அந்த வீட்டுக்கு அன்று மாலையே இருவர் போகட்டும்.