பிப்பை விட்டு யுவிக்கு மாறலாமா? விவாதிக்கும் முன் செய்து பார்க்க வேண்டியவை

பெங்களூரு அல்சூரில் ஞாயிறுதோறும் தமிழில் பைத்தான் நிரல்மொழி படிக்கும் எங்கள் சிறு குழுவில், பேக்கேஜ்களை (பிறர் எழுதிவைத்த, நம் நிரலில் சேர்த்துக்கொள்ளும் நிரல் தொகுப்புகளை) நிறுவப் பழைய பிப் (pip) கருவியே போதுமா, புதிய யுவி (uv) கருவிக்கு மாறலாமா என்ற விவாதம் மூன்று வாரம் நீண்டது. 2014-இல் வந்த பைத்தான் 3.4 முதல் அந்த மொழியுடனேயே பிப்பும் கிடைக்கிறது, பிறகு வேறொன்று எதற்கு என்றனர் ஒரு சாரார். 2024-இல் ஆஸ்ட்ரல் நிறுவனம் ரஸ்ட் மொழியில் எழுதி வெளியிட்ட யுவியின் வேகத்தைக் காட்டினர் மற்றவர்கள். ஒருவரும் தம் சொந்த நிரலை மாற்றிப் பார்த்திருக்கவில்லை. மாற்றிப் பார்த்த பிறகு வேகத்தைப் பற்றிய பேச்சே குறைந்துவிட்டது. நாம் கேட்டு வாங்கிய பேக்கேஜ் எது, அதன் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தது எது என்பது பிரிந்து தெரிவதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

கீழே உள்ள கட்டளைகளை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்ய வேண்டும்.

முதல் படி: நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (git) கருவியில் தனி பிராஞ்ச் (கிளை) ஒன்றைத் தொடங்கி, நிறுவியுள்ள பேக்கேஜ்களைக் காட்டும் "பிப் ஃப்ரீஸ்" (pip freeze) தரும் பட்டியலை ரெக்வயர்மென்ட்ஸ்.டிஎக்ஸ்டி (requirements.txt) கோப்பில் சேமியுங்கள்.

இரண்டாம் படியில் அவசரம் கூடாது. எடுத்துக்காட்டாக, ரெக்வெஸ்ட்ஸ் என்ற ஒரே பேக்கேஜை நிறுவினால் யுஆர்எல்லிப்3, ஐடிஎன்ஏ, செர்ட்டிஃபை, சார்செட் நார்மலைசர் ஆகிய நான்கும் உடன் வருவதால், நீங்கள் கேட்டது ஒன்றே ஆனாலும் அந்தப் பட்டியலில் ஐந்து வரிகள் இருக்கும். அதை அப்படியே யுவியிடம் கொடுத்தால் ஐந்தையும் நீங்களே கேட்டதாக அது எழுதிக்கொள்ளும். ஆகவே உங்கள் நிரலுக்கு நேரடியாகத் தேவைப்படும் பெயர்களை மட்டும் ரெக்வயர்மென்ட்ஸ்.இன் என்ற புதிய கோப்பில் எழுதுங்கள்.

மூன்றாம் படி: "பிப் இன்ஸ்டால் யுவி" என்று நிறுவி, "யுவி இனிட் --பேர்" (uv init --bare) கட்டளையால், நிரலுக்குத் தேவையான பேக்கேஜ்களை எழுதிவைக்கும் பைப்ராஜெக்ட் (pyproject.toml) கோப்பை உருவாக்குங்கள். பிறகு "யுவி ஆட் -ஆர் ரெக்வயர்மென்ட்ஸ்.இன் -சி ரெக்வயர்மென்ட்ஸ்.டிஎக்ஸ்டி" (uv add -r requirements.in -c requirements.txt) என்று இயக்குங்கள். கடைசியில் உள்ள "-சி" பழைய பதிப்பு எண்களைக் காப்பாற்றித் தரும். அதை விட்டுவிட்டால் புதிய பதிப்புகள் நுழைந்து, பிழை வந்தால் காரணம் கருவியா பதிப்பா என்று தெரியாமல் போகும்.

நான்காம் படி: "யுவி ரன் பைத்தான் மெயின்.பிஒய்" என்று நிரலை இயக்கிப் பாருங்கள். யுவி உருவாக்கும் சூழலுக்குள் (இந்த நிரலுக்கான பேக்கேஜ்கள் நிறுவப்படும் தனி இடத்துக்குள்) பிப் இருக்காது என்பதால், உள்ளே பிப்பை அழைக்கும் பழைய ஸ்கிரிப்டுகள் இங்கே தவறும். அலுவலகத்தின் உள் களஞ்சியத்திலிருந்து (பேக்கேஜ்களைச் சேமித்துவைத்திருக்கும் சர்வரிலிருந்து) பேக்கேஜ் எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: பிப்பின் அமைப்புக் கோப்பை யுவி படிக்காது, களஞ்சியங்கள் பல இருந்தால், பெயர் முதலில் கிடைத்த இடத்தோடு தேடலை நிறுத்திக்கொள்ளும்.

இனி விவாதத்துக்கு வரலாம். ஒரு நிறுவனத்தின் கருவியை நம்பலாமா என்ற கேள்வி நியாயமானது. யுவியின் மூலநிரல் எம்ஐடி, அப்பாச்சி உரிமங்களில் திறந்திருக்கிறது, பைப்ராஜெக்ட் கோப்பு பைத்தானின் பொது வடிவம், நிறுவிய பதிப்புகளைத் துல்லியமாகப் பதிந்துவைக்கும் யுவி.லாக் கோப்பு மட்டுமே யுவிக்கு உரியது. திரும்பும் வழியையும் சோதித்துவிடுங்கள்: "யுவி எக்ஸ்போர்ட்" தரும் பட்டியலைப் புதிய சூழலில் பிப்பைக் கொண்டே நிறுவி, நிரல் ஓடுகிறதா என்று பாருங்கள். பழையதை மாற்றுவதே தவறு என்போருக்கு, 2008-இல் பிப்பும் ஈஸி இன்ஸ்டால் என்ற அன்றைய நிறுவல் கருவிக்கு மாற்றாக வந்ததுதான் என்பதை நினைவூட்டலாம்.

எங்கள் குழுவில் இரண்டு நிரல்கள் யுவிக்கு மாறிவிட்டன. உள் களஞ்சியத்தை நம்பியிருக்கும் மூன்றாவது, இப்போதைக்குப் பிப்பிலேயே இருக்கிறது.