மாத்திரை முன்னால், முகமூடி மேலே, ஊசி கையில்

நரம்பு விஷத்துக்கான பாதுகாப்பு வகுப்பில் படையினருக்கு நான் முதலில் காட்டுவது, விஷம் தாக்குமுன்பே விழுங்க வேண்டிய பிரிடோஸ்டிக்மின் மாத்திரை அட்டையைத்தான். 21 மாத்திரைகள், ஒவ்வொன்றும் 30 மில்லிகிராம். எட்டு மணி நேரத்துக்கு ஒன்று என்றால் ஏழு நாளைக்கு ஓர் அட்டை. உத்தரவு வந்த பிறகுதான் முதல் மாத்திரை. பயத்தில் யாரும் தானாகத் தொடங்கக் கூடாது.

விஷம் வருமுன்பே ஏன்? சோமான் என்ற நரம்பு விஷம்தான் காரணம். நரம்பு முனையில், செய்தி கடத்தும் அசிட்டைல்கோலினை அவ்வப்போது சிதைத்து அகற்ற ஒரு நொதி இருக்கிறது. சோமான் அதைப் பிடித்தால் சுமார் 2 நிமிடத்தில் பிடி இறுகிவிடும். அப்புறம் பிராலிடாக்சிம் என்ற மாற்று மருந்தைப் போட்டும் அந்த நொதியை மீட்க முடியாது. சாரின் என்ற இன்னொரு நரம்பு விஷத்தில் அதற்குச் சில மணி நேரம் இருக்கிறது. மாத்திரையும் அதே நொதியில்தான் போய் உட்காருகிறது, ஆனால் 20 முதல் 40 சதவீத இடத்தில் மட்டும், அதுவும் தற்காலிகமாக. அங்கே சோமானுக்கு இடமில்லை. சில மணி நேரத்தில் மருந்து விலக, அந்த நொதி வேலைக்குத் திரும்பும்.

அமெரிக்க வீரர்கள் 1991 வளைகுடாப் போரில் இதை விழுங்கினார்கள். அந்நாட்டு மருந்து ஆணையம் 2003இல் சோமானுக்காக, படைப் பயன்பாட்டுக்கு மட்டும் அனுமதித்தது.

ஒரு பயிற்சியில் ஒரு பையன் போலி அட்டையில் இரண்டு குழிகளைச் சேர்த்து அழுத்தினான். "ராத்திரி ஒண்ணு விட்டுப்போச்சு" என்றான். கையைப் பிடித்து நிறுத்தினேன். தவறினால் தவறியதுதான், அடுத்த வேளைக்கு ஒன்று மட்டும். பிறகு அட்டையின் பின்புறம் ஒவ்வொரு குழிக்கும் நேரம் எழுதச் சொன்னேன். இன்றும் எல்லோரையும் அப்படித்தான் எழுதச் சொல்கிறேன்.

வயிற்றுப் பிடிப்பு, பேதி, அடிக்கடி சிறுநீர், தலைவலி வரலாம். குடல் அல்லது சிறுநீர்ப் பாதையில் அடைப்பு இருப்பவருக்கு இது கூடவே கூடாது. ஆஸ்துமா இருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

மூக்கு ஒழுகி, பார்வை மங்கி, மூச்சு இறுகினால் முகமூடியைப் போட்டுவிட்டு, மாத்திரையை அங்கேயே நிறுத்துங்கள். அந்த நேரத்தில் விழுங்கினால் நிலைமை மோசமாகலாம். தொடையில் அட்ரோபின், பிராலிடாக்சிம் ஆகிய மாற்று மருந்து ஊசிகளைப் போட வேண்டும். அவை இல்லாமல் மாத்திரை மட்டும் உயிரைக் காக்காது. அதனால் நான் அட்டையைக் கொடுக்குமுன் ஊசிப் பையைத் திறந்து காட்டச் சொல்வேன்.